மாட்டுக்குப் புழு மருந்து, உண்ணி மருந்து: முதல் மாடு வாங்கியவர்கள் படிப்படியாகச் செய்ய வேண்டியவை

"உண்ணிக்கு நல்ல மருந்தா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிவந்து, வாளியில் குத்துமதிப்பாக ஊற்றி, முதுகில் தெளித்துவிட்டு, பத்து நாளில் மறுபடி உண்ணி ஏறியதும் "மருந்து போலி" என்று சொல்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பெரும்பாலும் மருந்தில் குற்றம் இருக்காது. எடை பார்க்காமல் கொடுத்தது, உண்ணி இருக்கும் இடத்தை விட்டுவிட்டு முதுகை நனைத்தது, இரண்டாவது தடவையைத் தவறவிட்டது, கட்டுத்தரையைக் கவனிக்காதது ஆகிய நான்கில் ஒன்று தப்பியிருக்கும். குறைந்த அளவில் கொடுத்த மருந்தில் பிழைத்த புழுவும் உண்ணியும் அதே மருந்தைத் தாங்கும் குட்டிகளைப் பெருக்கும். அடுத்த வருடம் சரியான அளவு கொடுத்தாலும் கேட்காது. அதனால் அரைகுறையாகச் செய்வதைவிட, ஒரு வாரம் தள்ளிப்போட்டுச் சரியாகச் செய்வது மேல்.

1. காதுவில்லை, நோட்டு, இஞ்சு டேப்

மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் வில்லை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஆதார் அட்டை, கைபேசி எண்ணுடன் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போய்ப் போடச் சொல்லுங்கள். சந்தையில் வாங்கிய மாட்டுக்கு வில்லை இருந்தாலும் பதிவு பழைய உரிமையாளர் பெயரில் இருக்கும். அதை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். காதில் வில்லை இல்லாத மாடு இறந்தால் காப்பீட்டுத் தொகை கேட்கவே முடியாது.

40 பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம்: வில்லை எண், எடை, சினை ஊசி போட்ட தேதி, கொடுத்த மருந்தின் வேதிப்பெயர், அளவு, தேதி, பாட்டிலின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்), அடுத்த தேதி. மருந்துச் சீட்டையும் கடை ரசீதையும் அதே நோட்டில் ஒட்டிவையுங்கள். "போன தடவை என்ன கொடுத்தீங்க?" என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார். "வெள்ளையா ஒரு தண்ணி மருந்து" என்று சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது.

2. எடையை அளங்கள்

கண்ணளவில் மதிப்பிட்டால் பலரும் எடையைக் குறைத்துத்தான் சொல்கிறார்கள். தையல்காரர் டேப் போதும். மாட்டைச் சமதரையில், தலை நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்தால் அது சுற்றளவு. தோள் முனையிலிருந்து பின்புற இடுப்பெலும்பு முனைவரை அளந்தால் அது நீளம். இரண்டும் அங்குலத்தில் இருக்கட்டும்.

சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 = எடை, கிலோவில்.

சுற்றளவு 66 அங்குலம், நீளம் 54 அங்குலம் என்றால் 66 × 66 × 54 ÷ 660 = 356 கிலோ. இதை 360 என்று மேல்நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 360 கிலோ மாட்டுக்கே. நிறைசினை மாட்டுக்கு இந்தக் கணக்கு சற்று முன்பின்னாக வரும். அதை மருத்துவரிடம் சொல்லி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. எந்தப் பூச்சி என்று தெரிந்துகொள்ளுங்கள்

வயிற்றுக்குள் இருப்பவை மூன்று வகை: உருண்டைப்புழு, நாடாப்புழு, தட்டைப்புழு. முடி பொலிவிழந்து சிலிர்த்து நிற்பது, தீனி தின்றும் தேறாமை, விட்டுவிட்டுக் கழிச்சல் எல்லாம் பொதுவான அறிகுறிகள். தாடைக்கு அடியில் பை போல நீர் கோத்துத் தொங்கினால் தட்டைப்புழுவாகவோ இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுவாகவோ இருக்கலாம். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், நெல் வயல் என நத்தை இருக்கும் ஈர நிலத்தில் மேயும் மாடுகளுக்குத் தட்டைப்புழு வாய்ப்பு அதிகம். அதனால் டெல்டாவில் மாடு வைத்திருப்பவருக்கும் மானாவாரிக் காட்டில் வைத்திருப்பவருக்கும் ஒரே மருந்து பொருந்தாது.

அறிகுறியை வைத்து ஊகிப்பதைவிடச் சாணப் பரிசோதனை நல்லது. மாடு போட்ட உடனே, மண் படாத மேல்பகுதியிலிருந்து எலுமிச்சம்பழ அளவு சாணம் எடுத்து, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் போட்டு, வில்லை எண்ணை எழுதி, அன்று காலையிலேயே மருந்தகத்தில் கொடுங்கள். வெயிலில் வைத்தால் புழு முட்டை பொரிந்துவிடும். ஃபிரீசரில் வைத்தால் கெட்டுவிடும். எல்லா மருந்தகத்திலும் நுண்ணோக்கி இருக்காது. எங்கே பார்ப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

வெளியே இருப்பவை உண்ணி, பேன், சொறிப்பூச்சி. இரத்தம் குடித்து முற்றிய பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் ஆமணக்குக் கொட்டை போல உருண்டிருக்கும். அதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். தப்பிப்பது கடுகைவிடச் சிறிய குஞ்சுகள். வாலைத் தூக்கி அடிப்பகுதியை விரலால் தடவினால் மணல் ஒட்டியதுபோல நெருடும். அந்த நெருடல்தான் மூன்று வாரம் கழித்து ஆமணக்குக் கொட்டையாகத் தொங்கப்போகிறது.

4. புழு மருந்து: கடையில் என்ன கேட்பது

வணிகப் பெயரை விட்டுவிட்டு வேதிப்பெயரைப் படியுங்கள். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும்.

ஃபென்பெண்டசோல்: உருண்டைப்புழுவுக்கு. கிலோவுக்கு 5 மி.கி. 360 கிலோவுக்கு 1,800 மி.கி., அதாவது 1.8 கிராம். 1.5 கிராம் மாத்திரை ஒன்று பற்றாது. சினை மாட்டுக்கும் கொடுக்கலாம் என்பதால் புதியவர்களுக்கு இதுதான் நல்ல தொடக்கம்.

ஆல்பெண்டசோல்: உருண்டைப்புழுவுக்குக் கிலோவுக்கு 7.5 மி.கி. 360 கிலோவுக்கு 2.7 கிராம், ஆக 3 கிராம் மாத்திரை ஒன்று. 2.5 சதவீதத் திரவம் என்றால் 108 மி.லி. தட்டைப்புழுவுக்குக் கிலோவுக்கு 10 மி.கி. வேண்டும். அதுவும் முற்றிய தட்டைப்புழுவைத்தான் கொல்லும். சினை பிடித்த முதல் 3 மாதம் கொடுக்காதீர்கள். கருவுக்கு ஆகாது. சினை ஊசி போட்டு, பிடித்ததா என்று தெரியாமல் காத்திருக்கும் நாட்களும் இதில் சேரும். பலர் தவறுவது இங்கேதான்.

ஆக்சிகுளோசனைடு: தட்டைப்புழுவுக்கு. கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. எந்த அளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். கொடுத்த மறுநாள் சாணம் இளகிப் போகலாம், பயப்பட வேண்டாம்.

ஆல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஒரே குடும்பம். ஒன்று கேட்கவில்லை என்று மற்றதற்கு மாறினால் மருந்தை மாற்றியதாக ஆகாது. மாற்ற வேண்டுமானால் லெவாமிசோல் போன்ற வேறு குடும்பத்துக்குப் போக வேண்டும். மருந்து கேட்டதா என்று பார்க்க, கொடுத்த 10 முதல் 14 நாளுக்குள் மறுபடி சாணம் கொடுங்கள். முட்டை எண்ணிக்கை அடியோடு இறங்கியிருக்க வேண்டும்.

கன்றுகளுக்குப் பிறந்து 10 முதல் 15 நாளுக்குள் முதல் தடவை, பிறகு 6 மாதம்வரை மாதம் ஒருமுறை. "பால் குடிக்கிற கன்றுக்கு ஏது புழு?" என்று விட்டுவிடாதீர்கள். பெரிய உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே கன்றுக்கு இறங்கும். எருமைக் கன்றுகளை இது அதிகம் தாக்கும். களிமண் நிறத்தில் நாற்றமடிக்கும் கழிச்சல், உப்பிய வயிறு, வளராத உடம்பு எல்லாம் அதன் அடையாளம். இந்த வயதுக்குப் பைப்பரசின் மருந்தைத்தான் வழக்கமாகத் தருவார்கள். கன்றை எடைமேடையில் நிறுத்தவோ தூக்கிக்கொண்டு எடை பார்க்கவோ முடியும், அப்படியே பாருங்கள்.

5. வாயில் ஊற்றும்போது

மாடு சாவதற்குப் புழு மருந்தே காரணம் என்று சொல்லப்படும் பல சம்பவங்களில் மருந்து போனது வயிற்றுக்கு அல்ல, நுரையீரலுக்கு. தலையை வானம் பார்க்கத் தூக்கி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து, மூங்கில் குழாயில் மடமடவென ஊற்றினால் புரையேறும். இரண்டு மூன்று நாளில் சளிக்காய்ச்சல் வந்து மாடு கையைவிட்டுப் போகும்.

மூக்கு, கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. நாக்கைத் தொடாதீர்கள், அது அசைந்தால்தான் விழுங்க முடியும். கடைவாய் ஓரத்தில், பல் இல்லாத இடைவெளியில் குழாயை நுழைத்து, ஒரு வாய் ஊற்றி, விழுங்கியதைத் தொண்டையில் பார்த்தபிறகு அடுத்த வாய். இருமினால் உடனே தலையை விடுங்கள், சிந்தினாலும் பரவாயில்லை. கண்ணாடி பாட்டில் வேண்டாம், கடித்துவிடும். மாத்திரையைப் பொடித்து வெல்லத்தில் பிசைந்து நாக்கின் பின்பகுதியில் வைப்பது எளிது. தீவனத் தொட்டியில் கலந்து நாலு மாட்டுக்கும் பொதுவாக வைக்காதீர்கள். வலுத்தது இரண்டு பங்கு தின்னும், மருந்து தேவைப்படும் நோஞ்சான் பட்டினி நிற்கும்.

6. உண்ணி மருந்து கலப்பது

பரவலாகக் கிடைப்பவை இவை.

டெல்டாமெத்ரின் 1.25 சதவீதம்: உண்ணிக்கு 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி.
அமிட்ராஸ் 12.5 சதவீதம்: 1 லிட்டருக்கு 2 மி.லி. கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், வைத்தால் வீரியம் போய்விடும். குதிரைக்கு ஆகவே ஆகாது.
சைபர்மெத்ரின் 10 சதவீதம்: 1 லிட்டருக்கு 1 மி.லி.
ஃபுளூமெத்ரின் 1 சதவீதம், முதுகில் ஊற்றுவது: தண்ணீர் கலக்காமல் 10 கிலோ எடைக்கு 1 மி.லி. 360 கிலோவுக்கு 36 மி.லி. பிடரியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஒரே கோடாக.

பாட்டிலில் உள்ள சதவீதத்தை இரண்டு தடவை படியுங்கள். உரக்கடையில் பயிருக்கு விற்கும் சைபர்மெத்ரின் பெரும்பாலும் 25 சதவீதம். பெயர் ஒன்று, வீரியம் இரண்டரை மடங்கு, கரைப்பானும் தோலுக்கானது அல்ல. விலை மலிவு என்று அதை மாட்டின் மேல் தெளிக்காதீர்கள். களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரையும் தொடாதீர்கள். மாட்டுக்கென்று தனியாக ஒரு கைத்தெளிப்பான் வாங்கிவிடுங்கள்.

பாட்டில் மூடியால் அளப்பது இன்னொரு பொறி. ஒவ்வொரு மூடியும் ஒவ்வொரு அளவு. ஊசி கழற்றிய 10 மி.லி. சிரிஞ்சால் அளங்கள். வளர்ந்த மாட்டுக்கு 3 முதல் 5 லிட்டர் கரைசல் வேண்டும். 5 லிட்டருக்கு டெல்டாமெத்ரின் 10 மி.லி. அரை லிட்டரில் முழு மாட்டையும் முடித்துவிட்டேன் என்றால் முடியின் நுனி மட்டும்தான் நனைந்திருக்கும்.

டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், ஃபுளூமெத்ரின் மூன்றும் ஒரே குடும்பம் என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அமிட்ராஸ் வேறு குடும்பம். வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டிருக்காமல், ஒரு பருவத்தை ஒன்றில் முடித்து அடுத்த பருவத்தில் குடும்பத்தை மாற்றுங்கள்.

7. தெளிக்கும் நாள்

மழை இல்லாத நாள், காலைக் கறவை முடிந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள். முதலில் வயிறு நிறையத் தண்ணீரும் தீனியும் காட்டுங்கள். தாகத்தோடு இருக்கும் மாடு தன் உடம்பையே நக்கும். சேறும் சாணமும் ஒட்டியிருந்தால் முதல்நாளே கழுவிக் காயவிடுங்கள், ஈர உடம்பில் மருந்து நீர்த்துப்போகும். வாய்க்கூடை கட்டி, தீவனத் தொட்டியை மூடி, கோழிகளை அடைத்துவிடுங்கள். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை உங்களுக்கு. காற்று உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். முடியும்வரை பீடி, வெற்றிலை வேண்டாம்.

முடியின் போக்குக்கு எதிராகத் தெளித்தால்தான் தோலில் படும். முதுகு கடைசி. முதலில் வாலடி, பின்னங்கால் இடுக்கு, மடியின் மேற்பகுதி, முன்னங்கால் அக்குள், அலைதாடி மடிப்பு, குளம்பு இடுக்கு. காதுக்கு உட்புறமும் கண்ணைச் சுற்றியும் தெளிக்காமல், கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். திறந்த புண் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நிழலில் காயட்டும். ஒரு வாரம் குளிப்பாட்ட வேண்டாம். மாலைக் கறவைக்கு முன் மடியை மட்டும் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

மாட்டின் மேலேயே மூன்று வாரம் தங்கி முற்றும் உண்ணிதான் நம் பக்கம் அதிகம். கீழே விழுந்த பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதிலிருந்து வரும் குஞ்சுகள் மருந்தின் பலம் குறைந்ததும் ஏறும். ஆகவே 15-ஆம் நாள் இரண்டாவது, 30-ஆம் நாள் மூன்றாவது தெளிப்பு. உண்ணி கண்ணில் படாவிட்டாலும் செய்யுங்கள். முதல் தெளிப்பு நடந்த அன்றே மற்ற இரண்டு தேதிகளையும் காலண்டரில் வட்டமிட்டுவிடுங்கள்.

கையால் பிடுங்குவதானால் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். வெடுக்கென்று இழுத்தால் வாய்ப்பகுதி தோலிலேயே தங்கி, புண்ணாகி, ஈ மொய்த்துப் புழு வைக்கும். பிடுங்கியதைக் காலில் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

மூலிகையை விரும்புவோருக்குப் பரவலாகச் சொல்லித்தரப்படும் கலவை ஒன்று உண்டு: பூண்டு 10 பல், வேப்பிலை, வேப்பம்பழம், உண்ணிச்செடி இலை, துளசி தலா ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம். அரைத்து 1 லிட்டர் தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, வாரம் ஒருமுறை உடம்பிலும் சுவர் விரிசலிலும் தெளிக்கலாம். உண்ணி குறைவாக இருக்கும்போது இது உதவும். காது நிறைய உண்ணி தொங்கும் மாட்டுக்கு இதை மட்டும் நம்பிக் காலம் கடத்த வேண்டாம். உண்ணிச்செடி மாட்டின் வயிற்றுக்குள் போனால் விஷம், நக்க விடாதீர்கள்.

8. கட்டுத்தரை

எந்த நேரத்திலும் மாட்டின் மேல் இருப்பதைவிட அதிக உண்ணியும் முட்டையும் கொட்டகையில்தான் இருக்கும். மண்சுவர் விரிசல், செங்கல் சந்து, கட்டுக்கம்பத்தின் அடி, பழைய சாக்கு ஆகியவற்றைப் பாருங்கள். விரிசலைச் சிமெண்டால் அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். மாட்டுக்குத் தெளிக்கும் அதே நாளில் சுவருக்கும் தரைக்கும் அடிக்க வேண்டும். கொட்டகைக்கான அளவை லேபிளில் தனியாகப் பாருங்கள். மாட்டின் உடம்புக்கு உரிய அளவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். எருக்குழி கொட்டகையை ஒட்டி இருந்தால் தள்ளி வையுங்கள்.

கழுவிய தண்ணீர் கிணறு, குட்டை, வாய்க்காலுக்குப் போகக் கூடாது. டெல்டாமெத்ரின் சொட்டுச் சொட்டாகப் போனாலும் மீன் செத்து மிதக்கும். புதிதாக வாங்கிய மாட்டைத் தெளித்து முடித்து, இரண்டு வாரம் தனியாகக் கட்டிய பிறகே மற்ற மாடுகளோடு சேருங்கள்.

9. ஐவர்மெக்டின் ஊசி

"ஒரே ஊசியில் உள்ளேயும் வெளியேயும் போய்விடும்" என்று சொல்லி விற்கப்படுவது இது. 1 சதவீத மருந்தை 50 கிலோ எடைக்கு 1 மி.லி. வீதம் தோலுக்கு அடியில் போட வேண்டும். 360 கிலோவுக்கு 7.2 மி.லி. தசையிலோ நரம்பிலோ போடக் கூடாது. தட்டைப்புழுவையும் நாடாப்புழுவையும் இது தொடாது. மருந்து பாலில் பல நாள் வரும் என்பதால் பால் கறக்கும் மாட்டுக்கு வேண்டாம். கிடாரி, காளை, மருத்துவர் தேதி பார்த்துச் சொன்ன வற்றுக்கறவை மாடு ஆகியவற்றுக்கே இது பொருந்தும். நீங்களே வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் விடுங்கள்.

10. பாலும் செலவும்

ஒவ்வொரு மருந்துக்கும் "பால் பயன்படுத்தக் கூடாத காலம்" என்று லேபிளில் இருக்கும். ஆல்பெண்டசோலுக்குப் பொதுவாக 3 நாள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், உங்கள் கையில் இருக்கும் அட்டையைப் படியுங்கள். லேபிளில் எதுவும் இல்லாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். அந்த நாட்களின் பாலைச் சங்கத்துக்கு ஊற்றாதீர்கள், வீட்டுக் குழந்தைக்கும் காய்ச்சாதீர்கள். பாலில் மருந்து எச்சத்துக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது.

உண்மையான செலவு இதுதான். நாளைக்கு 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு 3 நாள் என்றால் 30 லிட்டர் பால். மருந்தின் விலை அதற்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் பெரிய தடவைகளை வற்றுக்காலத்தில் வையுங்கள், கறவையில் கொடுத்தே ஆக வேண்டுமானால் பால் காத்திருப்பு இல்லாத மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள். 50 மி.லி. டெல்டாமெத்ரின் பாட்டில் ஒரு மாட்டுக்கு மூன்று தெளிப்புக்கும் (30 மி.லி.) போக மிச்சமிருக்கும். அரசு கால்நடை முகாம்களில் குடற்புழு நீக்க மருந்து இலவசம். முகாம் தேதியை மருந்தகத்தில் கேட்டுவைத்துக்கொண்டு, எடையை எழுதிக்கொண்டு போங்கள். வரிசையில் எல்லா மாட்டுக்கும் ஒரே அளவு ஊற்றினால், உங்கள் மாட்டின் எடையைச் சொல்லிக் கேளுங்கள்.

வளர்ந்த மாட்டுக்குப் புழு மருந்து பருவமழைக்கு முன் ஒரு தடவை, மழை ஓய்ந்த பின் ஒரு தடவை என்பது அடிப்படை. வடகிழக்குப் பருவமழைப் பகுதியில் செப்டம்பரும் ஜனவரியும். கோமாரித் தடுப்பூசிக்கு இரண்டு வாரம் முன்பாகப் புழு நீக்கியிருந்தால் தடுப்பூசி நன்றாக எடுக்கும்.

11. உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம்

தெளித்த பிறகு வாயில் எச்சில் ஒழுகுவது, உடல் நடுக்கம், தள்ளாட்டம், எழ முடியாமல் கிடப்பது, அமிட்ராஸ் என்றால் தூங்கி வழிவதும் வயிறு உப்புவதும் மருந்து விஷமானதன் அறிகுறிகள். உடனே சோப்புப் போட்டு ஏராளமான தண்ணீரில் கழுவுங்கள். எண்ணெய், பால், புளித்தண்ணி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு அழையுங்கள், கட்டணமில்லை. மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் அதற்கேற்ற சிகிச்சை தர முடியும்.

உண்ணி இருந்த மாட்டுக்குக் கடும் காய்ச்சல், தோளுக்கு முன்னால் நெறிகட்டி முட்டை அளவு வீக்கம், அல்லது காபித் தண்ணி நிறத்தில் மூத்திரம் என்றால் அது உண்ணி பரப்பிய இரத்த ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். இனி உண்ணியைக் கொல்வது மட்டும் போதாது. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்களுக்கு இது வேகமாக முற்றும். காதுநுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் எந்த நோய் என்று தெரியும், ஒவ்வொன்றுக்கும் ஊசி வேறு. காய்ச்சல் ஊசி மட்டும் போட்டு ஒரு நாளைக் கடத்தினால் மாட்டை மீட்பது கடினம். இரவானாலும் கூப்பிடுங்கள்.